பித்தநாளப் புற்றுநோய்: எந்தக் குழாய், யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் பெரியப்பாவின் மூத்த மகன் தொலைபேசியில் அழைத்தார். பெரியப்பாவுக்குக் கண்ணும் தோலும் மஞ்சளித்து ஒரு மாதமாகியிருந்தது. சாதாரணக் காமாலை என்றெண்ணிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அரிப்பு தாளாமல் இரவெல்லாம் விழித்திருக்கிறார் என்றபிறகே ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலிலிருந்து பித்தநீர் வெளியேறும் வாயிலிலேயே புற்று. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, அடைப்புக்குள்ள குழாய் வெக்கணும்ங்கிறாங்க. பிளாஸ்டிக்ல ஒண்ணு இருக்காம், மெட்டல்ல ஒண்ணு இருக்காம். மெட்டல் பல மடங்கு வெல. காலைல சொல்லியாகணும். நீதான் நாலு விஷயம் படிக்கிறவன்."

"எவ்வளவு நாள் இருப்பார்னு ஏதாவது சொன்னாங்களாண்ணே?"

"சில மாசம்தான்னு சொல்றாங்க."

"அப்ப பிளாஸ்டிக்கே போதும்ணே."

நான் சொன்ன அந்தப் 'போதும்' சரிதானா என்று பிற்பாடு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்துப் பார்த்தேன். நான் மருத்துவன் அல்லன். இங்கே எழுதுவது யாருக்கும் மருத்துவ ஆலோசனையும் அன்று. ஆனால் இத்தகைய முடிவை ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு குடும்பம் ஏதோ ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடி எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த முடிவுக்குப் பின்னால் உள்ள கணக்கைப் பொதுவாசகரும் அறிந்திருப்பது நல்லது என்று கருதுகிறேன்.

*

பித்தநாளம் ஒரு மரத்தைப் போன்றது. கல்லீரலுக்குள் பரவியிருக்கும் நுண்ணிய கிளைகள் வலம், இடம் என்று இரு பெருங்கிளைகளாகத் திரண்டு, கல்லீரலின் வாயிலில் ஒன்றுகூடி, ஒரே அடிமரமாகக் கீழிறங்கிச் சிறுகுடலில் சேர்கின்றன. புற்று அடிமரத்தின் கீழ்ப்பகுதியில் வந்தால் ஒரே இடத்தில்தான் அடைப்பு. இரு கிளைகளும் கூடுமிடத்தில் வந்தாலோ வலமும் இடமும் தனித்தனியே அடைபடும். இவ்வாறு வாயிலில் தோன்றும் புற்றைப் பற்றி ஜெரால்ட் கிளாட்ஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவர் 1965-இல் பதின்மூன்று நோயாளிகளின் விவரங்களோடு எழுதினார். அவர் பெயராலேயே அது இன்றும் 'கிளாட்ஸ்கின் கட்டி' என்று அழைக்கப்படுகிறது.

இந்நோயாளிகள் பலருக்கு முதலில் உயிருக்கு ஆபத்தாக வருவது புற்றின் பரவல் அன்று; அடைப்புதான். தேங்கிய பித்தநீர் இரத்தத்தில் கலக்கிறது. தோல் மஞ்சளிக்கிறது, அரிப்பு உறக்கத்தைப் பறிக்கிறது, பசி அற்றுப்போகிறது. தேங்கிய நீரில் கிருமி புகுந்தால் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். பித்தநாள அழற்சி என்று சொல்லப்படும் அது ஓரிரு நாளில் ஆளைக் கொண்டுபோய்விடவும் கூடும். அடைப்பை நீக்காமல் கீமோதெரபி தொடங்குவதும் கடினம். ஆகவே புற்றை அகற்ற இயலாவிட்டாலும் பித்தநீருக்கு ஒரு வழி செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வழிதான் ஸ்டென்ட். இச்சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்லஸ் ஸ்டென்ட் என்ற ஆங்கிலேயப் பல் மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது என்பது நம் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கலாம். பல்லின் அச்செடுக்க அவர் உருவாக்கிய பசைப்பொருள் அவர் பெயரைத் தாங்கியது. பின்னர் அப்பெயர் உடலின் குழல்களைத் தாங்கிப்பிடிக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று.

வாய்வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி, சிறுகுடலில் பித்தநாளம் திறக்குமிடத்தைக் கண்டுபிடித்து, அதன்வழியே ஒரு பிளாஸ்டிக் குழாயை மேலே ஏற்றி வைக்கும் முறையை 1979-இல் செய்துகாட்டியவர் நிப் சோஹேந்திரா. இந்தோனேசியாவில் பிறந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பணியாற்றியவர். அதற்குமுன் இத்தகைய நோயாளிகளுக்கு வயிற்றைத் திறந்து மாற்றுவழி அமைக்க வேண்டும். அல்லது விலாப்புறத்தில் ஊசி குத்தி, கல்லீரல் வழியாகக் குழாய் செருக வேண்டும். 1987-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, விலாப்புற வழியையும் வாய்வழியையும் 75 நோயாளிகளிடம் ஒப்பிட்டது. முப்பது நாளுக்குள் இறந்தோர் விலாப்புற வழியில் 33 விழுக்காடு, வாய்வழியில் 15 விழுக்காடு. அதன்பின் வாய்வழியே முதல் வழியாயிற்று. வாயிலில் வரும் சிக்கலான அடைப்புகளுக்கு மட்டும் விலாப்புற வழி இன்றும் பல இடங்களில் தேவைப்படுகிறது.

*

இனி பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் வருவோம்.

பிளாஸ்டிக் குழாய் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் பருமன் உள்ளது. அதன் உட்சுவரில் கிருமிகள் படலம் கட்டும், பித்தக்கசடு படியும். சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். அப்போது கழற்றிவிட்டுப் புதியதொன்றை வைக்கலாம். அதுவே அதன் குறை, அதுவே அதன் வசதி. உலோக ஸ்டென்ட் சுருக்கிய வலையாக உள்ளே போய், பின் தானே விரிந்து எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் வரை அகலும். எளிதில் கசடு கட்டாது. ஆனால் வலைக்கண்களின் ஊடே புற்று வளர்ந்து நுழையலாம். உறையற்ற உலோக வலையை ஒருமுறை வைத்தால் பொதுவாகத் திரும்ப எடுக்க இயலாது. ஆகவே நோய் புற்றுதான் என்று உறுதிப்படாதபோதும், அறுவைக்கு வாய்ப்பு மீதமிருக்கும்போதும் அதை வைக்க மருத்துவர்கள் தயங்குவது நியாயமே. உறையிட்ட வலைகளும் உண்டு. அவை இடம்பெயரக்கூடும், கிளைகள் கூடும் வாயிலில் வைத்தால் பக்கக் கிளைகளை அவையே மூடிவிடும்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு அதிகம் பேசப்பட்ட ஆய்வு ஆம்ஸ்டர்டாமில் நடந்தது, 1992-இல் வெளிவந்தது. அடிமரத்தின் கீழ்ப்பகுதியில் அடைப்புள்ள 105 நோயாளிகள். சீட்டுக் குலுக்குவதைப் போல யாருக்கு எது என்று தீர்மானித்தார்கள். பிளாஸ்டிக் குழாய் திறந்திருந்த காலத்தின் நடு அளவு 126 நாட்கள். உலோகத்துக்கு 273 நாட்கள். நடு அளவு என்றால் எல்லாரையும் வரிசையாக நிறுத்தும்போது நடுவில் நிற்பவரின் கணக்கு. உலோகம் இரு மடங்குக்கு மேல் தாங்கியது. ஆனால் நோயாளிகள் உயிரோடிருந்த காலமோ இரு குழுவிலும் வேறுபடவில்லை. அதன் நடு அளவு 149 நாட்கள்.

நான் தொலைபேசியில் சொன்ன 'போதும்' இந்த ஆய்வின் தர்க்கத்தைத்தான், படிக்காமலேயே, பின்பற்றியிருக்கிறது. ஆள் இருக்கப்போவது சுமார் ஐந்து மாதம், பிளாஸ்டிக் தாங்குவது நான்கு மாதம், இடைவெளி சொற்பம். விலை கூடிய குழாய் நோயாளிக்குப் பின்னும் திறந்திருந்து என்ன பயன்? கேட்பதற்கு இது அறிவார்ந்த கணக்குப் போலத்தான் இருக்கிறது. இக்கணக்கில் இரண்டு பிழைகள் உள்ளன என்பது என் கருத்து.

முதற்பிழை, அடைப்பு எங்கே என்று நான் கேட்கவேயில்லை. ஆம்ஸ்டர்டாம் கணக்கு அடிமரத்துக்கானது. பெரியப்பாவுக்கு வந்ததோ வாயிலில். அதற்கான கணக்கு வேறொரு நாட்டிலிருந்து வந்தது.

*

தாய்லாந்தின் வடகிழக்கில் ஈசான் என்றொரு பகுதி. உலகில் பித்தநாளப் புற்று மிக அதிகமாகக் காணப்படும் இடம் அது. அங்கே நன்னீர் மீனைப் பச்சையாகக் கொத்தி, காரமும் புளிப்பும் சேர்த்துப் பிசைந்து உண்ணும் 'கோய் பிளா' என்ற உணவு வழக்கம். அம்மீனில் ஒரு வகைக் கல்லீரல் தட்டைப்புழு வாழ்கிறது. உண்பவரின் பித்தநாளத்துக்குள் போய் ஆண்டுக்கணக்கில் தங்கி, ஓயாத அழற்சியை உண்டாக்கி, முடிவில் புற்றுக்கு வழிவகுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் இப்புழுவை மனிதருக்குப் புற்று விளைவிப்பவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. நோயுறுவோரில் பெரும்பாலோர் நெல் விளைவிக்கும் எளிய கிராமத்தவர். பலர் மிகவும் முற்றிய நிலையிலேயே மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

அப்பகுதியில் உள்ள கோன் கேன் பல்கலைக்கழக மருத்துவர்கள், வாயிலில் அடைப்புற்று அறுவைக்கு இயலாத 108 நோயாளிகளை இரு சம பாகமாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பிளாஸ்டிக்கும் மறு பாதிக்கு உலோகமும் வைத்தார்கள். முடிவுகள் 2012-இல் வெளியாயின. பித்தநீர் சரிவர வடிந்தவர்கள் உலோகக் குழுவில் 70.4 விழுக்காடு, பிளாஸ்டிக் குழுவில் 46.3 விழுக்காடு. உயிரோடிருந்த காலத்தின் நடு அளவு உலோகக் குழுவில் 126 நாட்கள், பிளாஸ்டிக் குழுவில் 49 நாட்கள்.

இவ்வெண்களைப் படித்தபோது சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஆம்ஸ்டர்டாமில் 126 என்பது மலிவான குழாய் திறந்திருந்த நாட்களின் எண்ணிக்கை. கோன் கேனில் அதே 126 விலையுயர்ந்த குழாய் பெற்றவர்கள் உயிர்வாழ்ந்த நாட்களின் எண்ணிக்கை. முதல் எண்ணை வைத்துக்கொண்டு 'போதும்' என்று சொல்லலாம். இரண்டாவதை வைத்துக்கொண்டு சொல்ல இயலாது.

ஏன் இந்த வேறுபாடு? வாயிலில் இடம் குறுகல், கிளைகள் பல. மெல்லிய குழாய் ஒரு கிளையின் நீரை மட்டும் கொணரும். வலையின் கண்களோ பக்கக் கிளைகளின் நீருக்கும் இடம் விடும். முதல் முறையே வடியாமல் போனால், நலிந்த உடல் அடுத்த முயற்சிக்குக் காத்திருப்பதில்லை. இது ஒரே மருத்துவமனையின் ஆய்வுதான், எண்ணிக்கையும் பெரிதன்று. எனினும் பயனில்லை என்று ஒதுக்கத்தக்க வேறுபாடு அன்று இது.

வாயில் அடைப்பில் இன்னொரு வினாவும் உண்டு: ஒரு பக்கம் மட்டும் குழாய் வைத்தால் போதுமா, இரு பக்கமும் வேண்டுமா? 2001-இல் இத்தாலியில் 157 நோயாளிகளிடம் பிளாஸ்டிக் குழாய் கொண்டு நடந்த ஆய்வு, ஒரு பக்கமே நல்லது என்றது. இரு பக்கமும் வைக்க முயன்றபோது தோல்வியும் சிக்கலும் கூடின. 2017-இல் கொரியாவில் 133 நோயாளிகளிடம் உலோக வலை கொண்டு நடந்த ஆய்வு, இரு பக்கமும் வைத்தவர்களுக்கு மறுசிகிச்சை குறைவாகத் தேவைப்பட்டது என்றது. முரணாகத் தோன்றும் இவ்விரண்டையும் ஒருவாறு இணைத்துக் காட்டுவது 2010-இல் பிரான்சிலிருந்து வந்த ஓர் ஆய்வு. குழாய்களின் எண்ணிக்கையைவிட, கல்லீரலின் பருமனில் பாதிக்கு மேற்பட்ட பகுதியிலிருந்து நீர் வடிகிறதா என்பதே முக்கியம் என்றது அது. கல்லீரலின் வலப்பகுதி பாதிக்கும் சற்று அதிகம், இடப்பகுதி மூன்றில் ஒரு பங்களவு. சுருங்கிப்போன பகுதியில் குழாய் வைத்துப் பயனில்லை. சாயம் செலுத்தியபின் வடிக்காமல் விட்ட பகுதியோ அழற்சிக்கு விளைநிலமாகும். ஆகவே முன்கூட்டியே படமெடுத்து, எந்தப் பகுதியை வடிக்கப்போகிறோம் என்று திட்டமிட்டபின் உள்ளே நுழைவதே நெறி.

*

குழாயோடு கூடுதலாக ஏதேனும் செய்தால் ஆயுள் நீளுமா என்ற ஆசையின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ஒளியால் தூண்டப்படும் மருந்தை இரத்தத்தில் ஏற்றி, பித்தநாளத்துக்குள் சிவப்பு ஒளியைச் செலுத்திப் புற்றணுக்களைக் கருக்கும் முறை ஒன்று உண்டு. 2003-இல் வெளிவந்த ஒரு ஐரோப்பிய ஆய்வில் குழாய் மட்டும் பெற்றவர்கள் 98 நாளும், ஒளியும் சேர்ந்து பெற்றவர்கள் 493 நாளும் வாழ்ந்தார்கள். வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்க, ஒரு பிரிவினருக்கு ஒளியை மறுப்பது அறமாகாது என்று ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். குலுக்கலில் பங்கேற்றவர்கள் 39 பேர்தாம்.

பின்னர் பிரிட்டனில் 92 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. ஒளி பெற்றவர்கள் 6.2 மாதம், குழாய் மட்டும் பெற்றவர்கள் 9.8 மாதம். முன்னதற்கு நேர் எதிர். அம்மருந்து ஏற்றியவர்கள் வாரக்கணக்கில் வெயிலில் தலைகாட்டவும் கூடாது. எஞ்சிய நாட்களில் ஒரு பகுதியை இருட்டறையில் கழிக்கச் செய்த சிகிச்சை, அதற்கு ஈடாக நாட்களையும் தரவில்லை. இன்று மின்னலைகளால் நாளத்தின் உட்புறத்தைச் சுடும் முறைக்கு இதே கதை நிகழ்கிறது. 2018-இல் சீனாவிலிருந்து வந்த 65 பேர் கொண்ட ஆய்வு ஆயுள் நீள்கிறது என்றது. 2023-இல் செக் நாட்டிலிருந்து வந்த, எண்ணிக்கையில் பெரிய ஆய்வு அப்பயனைக் காணவில்லை. சிறு ஆய்வுகளின் பெரு நம்பிக்கையை விலை கொடுத்து வாங்கும் முன் குடும்பங்கள் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். கடன் வாங்கித்தான் செலவழிக்க வேண்டுமெனில், அக்கடன் முதலில் நல்ல வடிகாலுக்குப் போகட்டும் என்பேன்.

*

என் கணக்கின் இரண்டாம் பிழைக்கு வருகிறேன். ஆயுள் சமமாயின் சிகிச்சைகளும் சமம் என்று எண்ணியது அது. ஆம்ஸ்டர்டாம் ஆய்விலேயே முதலில் உலோகம் வைத்தவர்களுக்கு மறுமுறை உள்நோக்கிச் சிகிச்சைகள் 28 விழுக்காடு குறைந்தன. இது புள்ளியியல் மொழி. வீட்டு மொழியில் சொன்னால், நள்ளிரவில் போர்வைக்குள் உடல் தூக்கிப்போடும் நடுக்கம், வாடகைக் கார் தேடி அலைவது, அவசரப் பிரிவின் வாசல், மீண்டும் பட்டினி, மீண்டும் மயக்கமருந்து, ஒரு வார அனுமதி. ஐந்து மாதமே வாழப்போகிறவருக்கு ஒரு வாரம் என்பது சிறிய பங்கன்று.

செலவுக் கணக்கும் நாம் நினைப்பதுபோல் இல்லை. நெதர்லாந்தில் 18 மருத்துவமனைகளில் 219 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. ஓராண்டின் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் வேறுபாடில்லை. முதல் நாள் மிச்சப்படுத்தியது மறுசிகிச்சைகளில் போய்விடுகிறது. மூன்று மாதத்துக்குள் இறந்தவர்களைத் தனியே பார்த்தபோதும் உலோகத்தின் மொத்தச் செலவு கூடுதலாகவில்லை. இது அந்நாட்டின் விலைவாசி, காப்பீட்டு முறை ஆகியவற்றுக்கு உட்பட்ட முடிவு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் 'சில மாதம்தானே' என்ற வாதம் பணக்கணக்கிலும் நிற்கவில்லை என்பதை அது காட்டுகிறது.

மேலும் அந்தச் 'சில மாதம்' என்பதே மாறிவந்திருக்கிறது. இரு மருந்துகள் சேர்ந்த கீமோதெரபி ஒற்றை மருந்தைவிடச் சிறந்தது என்று 410 நோயாளிகளிடம் காட்டிய பிரிட்டிஷ் ஆய்வு 2010-இல் வந்தது. நடு அளவு 8.1 மாதத்திலிருந்து 11.7 மாதமாயிற்று. 2022-இல் அதனோடு நோயெதிர்ப்புச் சிகிச்சையைச் சேர்த்தபோது 11.5 மாதம் 12.8 மாதமாயிற்று. மருந்து தாங்கும் உடல்நிலையில் இருப்பவர்களின் கணக்கு இது. அவர்களுக்கு நான்கு மாதக் குழாய் போதாது என்பது வெளிப்படை. குழாய் அடைத்துக் காய்ச்சல் வந்தால் கீமோதெரபியும் தடைபடும். ஐரோப்பிய உள்நோக்கி மருத்துவர் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கல்லீரலுக்கு வெளியே புற்றால் அடைபட்ட பித்தநாளத்தை ஆறுதல் நோக்கில் திறக்க உலோகத்தையே பரிந்துரைத்தது.

எனவே என் நிலைப்பாடு இதுதான். நோய் உறுதிப்பட்டு, அறுவைக்கு வாய்ப்பில்லை என்று தெளிவானபின், குறிப்பாக அடைப்பு வாயிலில் இருக்கும்போது, உலோகமே முதல் தேர்வாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கைத் தேர்ந்தால் அதற்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். இன்றோ நாம் உலோகத்துக்குத்தான் காரணம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வசதியற்றவருக்கு மலிவான குழாய் போதும் என்ற எண்ணம் தலைகீழானது. மருத்துவமனைக்கு அருகில் வசிப்பவர், கார் உள்ளவர், மறுமுறையும் பணம் கட்டக்கூடியவர் வேண்டுமானால் மூன்று மாதத்துக்கொருமுறை குழாய் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பேருந்து மாறி வரவேண்டியவருக்கு முதல் குழாயே கடைசிக் குழாயாக இருக்கக்கூடும். ஈசான் கிராமத்தவரின் 49 நாட்கள் எனக்குச் சொல்லுவது அதைத்தான். இம்முதற்செலவை ஏற்க வேண்டியது அரசும் காப்பீடும். தாழ்வாரத்தில் நிற்கும் மகன் அல்லன்.

இறுதி வாரங்களில், படுக்கையில் சுருண்டுவிட்ட ஒருவருக்கு அரிப்பு அடங்க எளிய குழாய் ஒன்று போதுமானதாக இருக்கலாம். எதுவும் செய்யாமல் மருந்தால் வேதனையைத் தணிப்பதே சிறந்ததாகவும் இருக்கலாம். அதை மறுக்கவில்லை. அத்தகைய முடிவை நோயாளியைப் பார்த்து எடுக்க வேண்டும். விலைப்பட்டியலைப் பார்த்து அன்று.

பெரியப்பாவுக்குப் பிளாஸ்டிக்கே வைத்தார்கள். மஞ்சள் பாதிதான் இறங்கியது. ஏழாவது வாரத்தில் ஓர் இரவு நடுக்கம் கண்டது. அண்ணன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். குழாயை மாற்றினார்கள். அதன்பின் பதினொரு நாள் இருந்தார். அவற்றுள் ஒன்பது நாள் மருத்துவமனையில். உலோகம் வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. நடு அளவுகள் தனிமனிதருக்கு எதையும் உறுதியளிப்பதில்லை. அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அன்று நான் கேட்டிருக்க வேண்டியவை நான்கு கேள்விகள்: அடைப்பு எங்கே? கல்லீரலில் எவ்வளவு பகுதியை வடிக்கப்போகிறார்கள்? அதன்பின் கீமோதெரபிக்கு வாய்ப்பு உண்டா? குழாய் மீண்டும் அடைத்தால் இரவு இரண்டு மணிக்கு அவரை யார், எங்கே, எவ்வளவு தூரம் கொண்டுபோவது?

இந்நான்கையும் கேட்டபின்னும் 'பிளாஸ்டிக்கே போதும்' என்ற முடிவுக்கு ஒரு குடும்பம் வரலாம். நான் ஒன்றைக்கூடக் கேட்காமல் வந்தேன்.